தவசியின் சட்டித் தணல்

தீப்பெட்டி ஆபீசில் நாற்பது வருஷம் மருந்து கலக்கிய தவசி, சாவதற்கு முந்தின நாள் மகன் மந்திரமூர்த்தியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"என்னைக் குச்சி உரசிக் கொளுத்தக் கூடாதுலே. அதுல என்னென்ன கெடக்குன்னு எனக்குத் தெரியும். நம்ம வீட்டு அடுப்புத் தணல்தான் வேணும்."

சொன்னவர், கழுகுமலையில் மகள் வீட்டில் போய்ச் செத்தார். அடுப்போ இடைசெவலில் இருந்தது. மந்திரமூர்த்தி ஊருக்கு ஓடி, பக்கத்து வீட்டு வேலுத்தாயை அடுப்பு மூட்டச் சொல்லி, சட்டியில் தணலை அள்ளிக்கொண்டான். வேலுத்தாய் அடுப்பை எதால் பற்றவைத்தாள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கோவில்பட்டி வரை ஆட்டோ வந்தது. அங்கே மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்தால் எரிக்க மாட்டார்கள். பொழுதுக்குள் கழுகுமலை போகிற கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

கண்டக்டர் சங்கரபாண்டியன் படியில் காலைக் குறுக்கே வைத்தார்.

"சட்டியில என்ன?"

"தணல் அண்ணாச்சி. அப்பாவுக்கு."

"பெட்ரோல் ஏத்தக் கூடாது, அது திரவம். சிலிண்டர் ஏத்தக் கூடாது, அது வாயு. இது எதுல சேத்தி?"

"திடம்! லக்கேஜ் போடுங்க."

அந்த நேரம் பார்த்துச் சட்டிக்குள் கிடந்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒரு விரல் உயரத்துக்கு எரிந்தது.

"திடம்னா பிடிச்சுக் குடும், பாப்போம்."

மந்திரமூர்த்தி பிடித்தே பார்த்தான். விரல் வெந்தது. கையில் ஒன்றும் இல்லை. "உங்க கால்ல விழுதேன் அண்ணாச்சி" என்று சட்டியோடு குனிந்தான்.

பின்சீட்டில் ஆறு பண்டல் தீப்பெட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு லக்கேஜ் போட்டாயிற்று.

காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிற சத்யபிரியா ஜன்னலோரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "தணல் திடம்தான் அண்ணாச்சி. வெறும் கரி. மேல ஆடுதது, சூட்டுல சிரட்டையிலருந்து கிளம்புத வாயு, காத்தோட சேந்து எரியுது. மஞ்சளாத் தெரியுதது அதுல மிதக்குத கரித்தூள்."

"அப்ப தீ எதுட்டி?"

"அது பொருளே இல்ல, நடக்குத காரியம். எரியவும் ஏதாச்சும் வேணும், சூடும் வேணும், காத்தும் வேணும். ஒண்ணு போனாலும் காரியம் நின்னுரும்."

கண்டக்டர் டிக்கெட் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடக்கிற காரியத்துக்கு அதில் பொத்தான் இல்லை.

"சரி, காரியம் நடக்காம மூடிக்கிட்டு ஏறும்."

மூடினால் தணல் செத்துப்போகும். திறந்து ஊதினால் சிரட்டை எரியும், கண்டக்டர் இறக்கிவிடுவார். மந்திரமூர்த்தி சாம்பலைப் போட்டு மூடி, அவர் முன்னால் போகும்போதெல்லாம் மூடியை ஒரு விரற்கடை நகர்த்தி ஊதினான். அவன் ஊதிய ஊதலில் எதிர்சீட்டுக்காரரின் மீசை சாத்தூர்ப் பக்கம் திரும்பியது. இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது.

சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது ஒரு சாண் இருந்தது. சட்டியைக் கவிழ்த்தான். அத்தனையும் கறுப்பு.

"மச்சான், திரும்பவும் மேகம் கூடுது." தங்கச்சி மாப்பிள்ளை இசக்கிராஜா தீப்பெட்டியை நீட்டினான். "உரசிருவோம்."

மந்திரமூர்த்தி காதில் வாங்கவில்லை. முழங்காலில் உட்கார்ந்து சாம்பலை வெறுங்கையால் கிளறினான். அப்பாவுக்குச் செய்து கொடுத்தது ஒரே ஒரு சத்தியம். அடியில், எள்ளளவு, ஒரு சிவப்பு. ஊதினான், மினுங்கியது. ஆனால் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. வரட்டி நனைந்திருந்தது, வேட்டி நனைந்திருந்தது, துண்டைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும்.

தீப்பெட்டியை விட்டால் அந்த இடத்தில் நனையாத பொருள் ஒன்றே ஒன்றுதான். குடை பிடித்து, துணி போர்த்திக் கொண்டுவந்த தவசியின் மூக்கில் இருந்த பஞ்சு.

"மன்னிச்சுருங்கப்பா" என்று சொல்லி எடுத்து, அந்தச் சிவப்பின் மேல் வைத்தான்.

பஞ்சை எடுத்ததும் கிழவரின் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஒரு காற்று வந்ததென்றும், அதில்தான் பற்றியதென்றும் இசக்கிராஜா சத்தியம் செய்கிறான். மந்திரமூர்த்தி மறுப்பதில்லை. அந்த நேரம் அவனிடம் ஊதுவதற்கு மூச்சு மீதி இருக்கவில்லை.