நூற்று எண்பதாவது மரம்

அங்கமுத்துவிடம் கடிகாரம் கிடையாது. மனைவி இருசம்மாளின் கைவேகம்தான் அவனுக்குக் கடிகாரம்.

புக்கிட் பெருவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவன் கடிதம் கொண்டுபோய் வரும் தப்பால்காரன். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் அவரவர் மர நிரைக்குப் பிரியும்போது, தப்பால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டணத்துக்கு ஓடுவான். போக ஐந்து மைல், வர ஐந்து மைல். அவன் கிளம்பும் அதே நேரத்தில் ரோட்டோர நிரையில் இருசம்மாள் பால் வெட்ட முதல் மரத்தில் உளி வைப்பாள். அவன் திரும்பி வரும்போது அவள் எத்தனையாவது மரத்தில் நிற்கிறாளோ அதுதான் அன்றைய கணக்கு; மரம் குறைந்தால் அவன் வேகம் கூடியது என்று அர்த்தம். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை விரலில் தொட்டு அந்த மரத்தில் ஒரு பொட்டு வைத்துவிடுவாள்.

ஆபீசில் பெரிய கடிகாரம் இருந்தது. ஆனால் சீக்கிரம் வந்துவிட்டான் என்று தெரிந்தால் கணக்கெழுதும் கிராணி சிற்றம்பலம் இன்னொரு வேலையைத் தலையில் கட்டிவிடுவார். அதனால் அங்கமுத்து ஓடி வந்த பிறகு மதகடியில் உட்கார்ந்து வியர்வை காய்ந்த பிறகே ஆபீசுக்குப் போவான். பையைக் கொடுக்கும் நேரம் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

அந்த முப்பத்தைந்தாம் வருஷம் பட்டணத்தில் இருபத்தாறு மைல் ஓட்டம் வைத்தார்கள். சிற்றம்பலமே அவன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். "துரையிட்டையும் சொல்லிப் போட்டன். என்ரை மானத்தை வாங்கிப் போடாதை," என்றார்.

பெயர் கொடுத்த பிறகு முதல் பொட்டு இருநூற்றுப் பத்தாவது மரத்தில் விழுந்தது. ஒரு மாதத்தில் இருநூறு. பிறகு நூற்றுத் தொண்ணூறு. ஓட்டத்துக்கு முந்தின வாரம் நூற்று எண்பது. வேலை முடிந்த மாலைகளில் அங்கமுத்து அந்தப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நிரையோரம் நடப்பான். போன வருஷம் முதலாவதாக வந்த போலீஸ்காரர் சுலைமானைத் தொடக்கத்திலிருந்தே விடாமல் ஒட்டிக்கொள்வது என்று முடிவும் செய்துவிட்டான். "நூத்தி எம்பது மரத்துல வர்றவன் எதுக்குப் பின்னால ஓடணும்?" என்று லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொன்னான். அப்படிப் பேசுகிறவனே இல்லை அவன். அந்தப் பேச்சைக் கேட்க இருசம்மாளுக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பால் வாளிகளோடு ஸ்டோருக்குப் போனபோது, அடுத்த நிரைக்காரி பெத்தம்மாள் பால் நிறுத்துவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"என்னடி, மரத்தைக் கொஞ்சிக்கிட்டு வர்றியா? எனக்கு முன்னாடி வந்து நின்னு நாட்டாமை பண்றவ, இப்ப ரெண்டு மாசமா எனக்குப் பின்னாடிதான் வர்ற."

இருசம்மாள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டு மாதம். அவள் குளிக்காமல் இருப்பதும் இரண்டு மாதமாகத்தான். முன்பு இரண்டு முறை தங்கி, இரண்டும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயின. அந்த இரண்டு முறையும் தெரிந்த அன்றே அவனிடம் சொன்னாள். வாய்விட்டுச் சொன்னதால்தான் போயிற்று என்று ஓர் எண்ணம் அவளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை மூச்சு விடவில்லை. மேட்டில் பார்த்து ஏறினாள், பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைக்க மெதுவாகக் குனிந்தாள், ஈர வேர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். இதையெல்லாம் வயிற்றுக்காகச் செய்தாள். மரக்கணக்கைப் பற்றி அவளுக்கு நினைப்பே வரவில்லை.

அவன் வேகம் கூடவில்லை. அவள் கைதான் தணிந்திருக்கிறது.

அன்று முழுக்க, சொல்லாமலே விட்டுவிடலாமா என்று பார்த்தாள். நம்பிக்கையே ஒருவனை ஓடவைக்காதா? ஆனால் சுலைமானோடு அவன் ஓடுவதை நினைத்துப் பார்த்தபோது, ஓட்டப் பாதையில் வரும் தங்கா பத்து ஊர் வெயிலில் ரோட்டோரம் அவன் குப்புற விழுந்து கிடப்பதுதான் கண்ணில் வந்தது. சொன்னால் வயிற்றில் இருப்பதற்கு ஆபத்து. சொல்லாவிட்டால் அவனுக்கு. இப்படி ஒரு தராசை யார் தன் கையில் கொடுத்தார்கள் என்று அவளுக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் தன் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அந்தப் பொட்டை நம்பாதீங்க. நான்தான் மெதுவா வெட்டியிருக்கேன்."

"ஏன்?"

"ரெண்டு மாசமா குளிக்கல."

எண்ணெய்க் கை முழங்காலில் அப்படியே நின்றது. "அப்ப நான் இன்னும் எரநூத்திப் பத்துதானா?" என்று கேட்டான்.

"தெரியல."

"நாளைக்கு ஓட்டம். இன்னைக்குச் சொல்ற."

குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பான் என்று தான் எவ்வளவு எதிர்பார்த்திருந்தாள் என்பது, கேட்காதபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரியில் ஆட்கள் ஓட்டப் பாதையில் இருந்த பாச்சாங் ஊருக்கு வந்து ரோட்டோரம் நின்றார்கள். பட்டணத்திலிருந்து கிளம்பியவர்கள் அந்த வழியாகத் தங்கா பத்து தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். சுலைமான் முன்னால் போனார். அவரை விடாமல் ஏழெட்டுப் பேர். அங்கமுத்து பதினைந்தாவதாக, தப்பால் கொண்டுபோகிற அதே நடையில், வெறுங்காலோடு வந்தான்.

"என்ன மச்சான், முத்திரை ஒட்டாத கடுதாசியா?" என்று கத்தினான் லாரி டிரைவர் அந்தோணிராஜ். "போய்ச் சேராது போலிருக்கே லா."

எல்லோரும் சிரித்தார்கள். சிற்றம்பலம் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். அங்கமுத்து யாரையும் பார்க்கவில்லை. அவன் எதற்காகப் பின்னால் ஓடுகிறான் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அவன் வளைவில் மறைந்ததும் இருசம்மாள் மனதுக்குள் முதல் மரத்தில் உளி வைத்தாள். பழைய வேகத்தில், இரண்டு மாதத்துக்கு முந்தைய கையால். வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்தாள், ஒரே இழுப்பில் பட்டையைச் சீவினாள், மங்கைத் துடைத்து வைத்தாள், அடுத்த மரம். சேலைத் தலைப்புக்குள் மணிக்கட்டு அசைந்துகொண்டே இருந்தது.

"என்னடி கை உதறுது?" என்றாள் பெத்தம்மாள்.

"பேசாதக்கா. நூத்தி நாப்பது."

நிரையின் முந்நூறு மரமும் முடிந்தன. திரும்பவும் முதல் மரத்திலிருந்து தொடங்கினாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் போனவர்களில் நான்கு பேர் ஒரு லாரியின் பின்னால் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். சுலைமான் வந்தார், அப்போதும் முதலில்தான். அவருக்குப் பின்னால் இரண்டு சீனர்கள்.

நான்காவதாக அங்கமுத்து. உதடு வெளுத்திருந்தது, நடை மாறவில்லை. அவள் நின்ற இடத்துக்கு வந்ததும் தலையைத் திருப்பி, "எத்தனை?" என்றான்.

"நானூத்திப் பத்து. பழைய கை."

தலையை ஆட்டிவிட்டு ஓடினான்.

பட்டணத்துத் திடலில் நான்காவதாகவே ஓடி முடித்தான்; தோட்டத்து லாரியும் அங்கே வந்து சேர்ந்தது. மூன்று பேருக்குத்தான் கோப்பை. "நாலுக்கு ஒண்டும் இல்லை," என்று துரையிடம் சொல்லப்போகும் பதிலை ஒத்திகை பார்ப்பவர் போலச் சிற்றம்பலம் முணுமுணுத்துக்கொண்டார். அங்கமுத்து திடலோர வாய்க்காலில் காலை விட்டு உட்கார்ந்திருந்தான். இருசம்மாள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நேத்து நீ ரெண்டு விஷயம் சொன்ன," என்றான். "ஒண்ணு அப்பவே காதுல ஏறிடுச்சு. இன்னொண்ணு தங்கா பத்து தாண்டித்தான் ஏறிச்சு."

அவள் வாய்க்கால் தண்ணீருக்குள் தெரிந்த அவன் பாதங்களைப் பார்த்தாள்.

"அங்கன ரெண்டு பேரு விழுந்து கெடந்தாங்க. நான் கெடக்க வேண்டிய எடம்," என்றான். பிறகு, "நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரு," என்றான்.

திங்கட்கிழமை அவன் பட்டணத்திலிருந்து திரும்பியபோது மதகடியில் உட்காரவில்லை. வியர்வையோடு நேராக ஆபீசுக்குப் போய், "மணி என்னங்க ஐயா?" என்று கேட்டான்.

சிற்றம்பலம் கடிகாரத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏழரை. இவ்வளவு சுறுக்காவோ வாறனி? இத்தனை நாளும் எங்கை கிடந்தனி?" அவன் பதில் சொல்வதற்குள் மருந்துப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "அப்ப இதை ஆஸ்பத்திரியிலை குடுத்திட்டு வா. இனி நெடுகலும் உனக்குத்தான் இந்த வேலை."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோர நிரையைக் கடந்தான். "மணி ஏழரையாம். இனிமே ஆபீசுல கேட்டுக்கிறேன்," என்றான். "நீ எண்ணாத. மெதுவா வெட்டு."

சுண்ணாம்பு தொட்ட விரலோடு நின்றிருந்தாள் இருசம்மாள். நூற்று எழுபத்திரண்டாவது மரம். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவனிடம் சொல்லி இது மூன்றாம் நாள், வயிற்றில் இருப்பது இன்னும் தங்கியிருக்கிறது என்ற நினைப்பு வந்தது. அதையும் எண்ண வேண்டாம் என்று விட்டுவிட்டு, வேர்களைப் பார்த்துக் கால் வைத்து, அடுத்த மரத்துக்கு நடந்தாள்.