நேர்ந்துவிட்ட சேவல்

இன்று என் வீட்டு முற்றத்தில் கால் வைக்க இடமில்லாமல் கோழிகள் மேய்கின்றன. ஆசைப்பட்டு ஆரம்பித்ததல்ல.

என் வீட்டுக்காரர் ஜெயகணேஷ், துறைமுகத்து வேலைக்குப் போகும்போது உப்பு லாரிக்கு ஒதுங்கப் போய், பைக்கோடு சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அவர் எழுந்து நடந்தால் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சேவல் பலி தருவதாக நேர்ந்துகொண்டேன். கையால் வளர்த்துக் கொடுத்தால் மாடனுக்கு இன்னும் இஷ்டம் என்பார்கள். ஏரல் சந்தையில் ஒரு குஞ்சு வாங்கினேன்.

"சேவக்குஞ்சுதான்க்கா" என்று அந்தப் பாவி வியாபாரி சத்தியமே செய்தான்.

படுத்துக் கிடந்த மனுஷனுக்கு அதுதான் பேச்சுத்துணை. ராசா என்று பேர் வேறு வைத்தார். கம்பை ஊன்றி, அதன் பின்னாலேயே நடந்து பழகினார். கொண்டை வளர்ந்தும் அது கூவவில்லை.

"ஏளா, இது அடக்கமான சேவலு" என்றார்.

கொடை நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். சாமி காரியத்தில் யார் வாய் திறப்பது?

கொடைக்கு முந்தின நாள் காலையில், வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று கத்தினார்.

"ஏளா, இங்கன வா! நம்ம ராசா செஞ்ச வேலையப் பாரு!"

அவருடைய ஹெல்மெட்டுக்குள் ஒரு முட்டை. இன்னும் சூடு ஆறவில்லை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நேர்ந்தது சேவல், பெட்டைக்கு மாடனிடம் வேலையில்லை.

வேறு சேவல் வாங்கிவர அப்போதே அவரை ஏரலுக்கு விரட்டினேன். பைக் கிளம்புமுன் கண்டிப்பாகச் சொன்னேன்: "வாங்கினா நேரா கோயில்ல விட்டுருங்க. வீட்டுக்குக் கொண்டுவந்து பேரு கீரு வச்சிராதீங்க."