இடது பக்கத்துப் பிடி

"மறுபடியும் எங்கேம்மா எழுந்திரிக்கிறே? உக்காரு" என்று யாஸ்னா தோளைப் பிடித்து அழுத்தினாள்.

ஒடிலியா உட்கார்ந்தாள். மதியத்திலிருந்து இது நாலாவது தடவை.

சவப்பெட்டியின் தலைமாட்டில் போட்ட நாற்காலி அவளுடையது. நேற்றிலிருந்து அவள் கையில் யாரும் ஒரு கரண்டியைக்கூடத் தரவில்லை. ஆட்டை அறுத்தது, உருளைக்கிழங்கு சீவியது, ரொட்டி சுட்டது எல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். வருகிறவர்கள் அவள் கையைப் பிடித்து, அவள் புருஷன் அர்த்தேமியோவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி, ஒரு கிண்ணம் கறிச்சாறு வாங்கிக் குடித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள். ஒடிலியா எல்லாருக்கும் தலையை ஆட்டினாள். காது மட்டும் சமையலறையில் இருந்தது. அங்கே அடுப்பின் சத்தம் மாறிவிட்டிருந்தது. முப்பத்தெட்டு வருஷமாக ஒரே அடுப்போடு குடித்தனம் பண்ணியவளுக்கு அது தெரியாதா? வயிறு நிறைந்த அடுப்பு உறுமும். இது இருமிக்கொண்டிருந்தது.

"விறகுப் பெட்டி காலி" என்றாள்.

"ஆம்பளைங்க வந்து பாத்துப்பாங்க."

"ஆம்பளைங்க குழி வெட்டப் போயிருக்காங்கடி. இந்த மழையில தோண்டத் தோண்டத் தண்ணி ஊறும். இருட்டினப்புறம்தான் வருவாங்க."

சமையலுக்கு வந்திருந்த ரொசெந்தா சமையலறைக் கதவிலிருந்து தலையை நீட்டினாள். "சின்ன விறகு ஆறே ஆறுதான் இருக்கு. அடுத்த பானைச் சாறு இன்னும் கொதிக்கல. இப்படியே ஊத்திக் குடுத்தேன்னா, படுத்திருக்கிற மனுஷனே எழுந்து வந்து என்னைத் திட்டுவாரு."

சுவரோரம் இரண்டு பேர் சிரித்துவிட்டு, பெட்டியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒடிலியாவின் கால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

யாஸ்னா குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "இதைத்தாம்மா நானும் சொல்றேன். அடுப்பு அணைஞ்சா குளிர்ல செத்துப்போற வீடு இது. அப்பா இருந்தாரு, சரி. இனிமே உனக்கு யாரு விறகு பிளந்து போடுவா? நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் என்கூடப் புவேர்த்தோ மோந்து பட்டணத்துக்கு வந்துடு. அங்க சுவத்துல பொத்தானை அமுக்கினா அறை சூடாயிடும்."

"மிஷின் இருக்கு."

"மிஷினா! ரெண்டு கையும் வச்சு அமுக்கினாத்தான் ஓடும். ஒரு கை செத்த மனுஷனுக்குப் போய் அதை வாங்கிக் குடுத்திருக்கே. கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

ஒடிலியாவுக்குத்தான் தெரியும். கடைக்காரன் ஏமாற்றவில்லை.

பக்கவாதம் வந்து அர்த்தேமியோவின் இடது கை தொங்கிப்போன வருஷம், அவர் ஒற்றைக் கையால் கோடரியை எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போனார். வேண்டாமென்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அவள் சமையலறையில் நின்று சத்தத்தை எண்ணுவாள். ஒன்று. இரண்டு. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானால் கையிலிருக்கிற உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாள். ஒரு மாதம் இப்படி ஓடினாள்.

அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டு செகுந்தோவின் லாரியில் காஸ்த்ரோ டவுனுக்குப் போனாள். கடையில் விறகு பிளக்கிற மிஷின் இரண்டு இருந்தது. ஒன்று படுத்தவாக்கில் வேலை செய்வது, பெட்ரோலில் ஓடுவது, ஒரே ஒரு பிடி. இன்னொன்று ஆளுயரம் நிற்பது, கரண்டில் ஓடுவது, பக்கத்துக்கு ஒரு பிடி. "இதுல ரெண்டு பிடியையும் அமுக்கினாத்தான் ஆப்பு இறங்கும். ஒண்ணை விட்டாலும் அப்படியே நின்னுடும், விரலுக்கு ஆபத்தே இல்ல" என்றான் கடைப் பையன். அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. நிற்கிறதைக் காட்டினாள்.

வீட்டில் இறக்கியதும் அர்த்தேமியோ அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஒத்தக் கைக்காரனுக்கு ரெண்டு கை மிஷினா! கெழவி, உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"கவனிக்கல" என்றாள். "வாங்கியாச்சு. இடது பக்கம் நான் அமுக்கறேன், விடு."

அன்றிலிருந்து இரண்டு குளிர்காலம். அவர் வலது பிடியில், அவள் இடது பிடியில். அவள் இடது கை இரும்பில் இருக்கும். வலது கை அவர் தள்ளாடாமல் இருக்க அவருடைய கோட்டைப் பின்னாலிருந்து பற்றியிருக்கும். கவனிக்கல என்று சொன்ன பொய்யை அவள் திருத்தவே இல்லை.

முந்தாநாள் காலையிலும் அப்படித்தான் நின்றார்கள். முடிச்சு விழுந்த லூமாக் கட்டை. இரும்பு மாதிரி மரம். ஆப்பு பாதி இறங்கி நின்றுவிட்டது. "கெழவா, கையை எடுக்காதே!" என்று கத்தினாள். அதற்குள் கோட்டின் கனம் முழுவதும் அவள் வலது கைக்கு வந்துவிட்டது.

ஒற்றைப் பிடி மிஷினாக இருந்திருந்தால்? இவளுக்கு ஈடுகொடுக்க நினைத்துத்தான் அந்தக் குளிரில் நின்றாரோ? நேற்றிலிருந்து இதே கேள்விதான். நாற்காலியில் உட்கார்ந்தால் கேள்வி மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஜெபம் சொல்கிறவர் தொண்டையைக் கனைத்தார். எல்லாரும் முட்டி போட்டார்கள். அந்தச் சலசலப்பில் ஒடிலியா எழுந்து, ரொசெந்தாவைத் தாண்டி, பின்கதவு வழியே மழையில் இறங்கிவிட்டாள்.

கொட்டகையில் கட்டை அப்படியே இருந்தது. இரண்டு பிடியும் விடுபட்டதும் தானாக மேலே ஏறிய ஆப்பு, பாதி பிளந்த கட்டையையும் கவ்வித் தூக்கியிருந்தது. இரண்டு நாளாக யாரும் அதைத் தொடவில்லை. இப்போது செகுந்தோ மிஷினுக்கு முன்னால் நின்றிருந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டதால் குழி வெட்டப் போகவில்லை. கையில் படகுக் கயிறு.

"ஐயோ அக்கா, நீங்க எதுக்கு மழையில வந்தீங்க? உள்ள போங்க. ரொசெந்தா விறகு கேட்டா, அதான் வந்தேன்."

"கயிறு எதுக்கு?"

"இடது பிடியைக் கீழ இழுத்து இறுக்கிக் கட்டிட்டா ஒத்தக் கையே போதும். ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டறாங்க. போன வருஷமே அண்ணனுக்குக் கட்டித் தர்றேன்னு இதே கயிறோட வந்தேன். வேணாம்னுட்டாரு."

"ஏன்?"

செகுந்தோ கயிற்றைச் சுருட்டினார், பிரித்தார். "அது ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னாரு. விடுங்க."

"சொல்லு."

"'நீ கட்டிவிட்டேன்னா கெழவி பழையபடி உள்ள நின்னு என் சத்தத்தை எண்ணிக்கிட்டிருப்பா. அதுக்குத்தானே பாத்துப் பாத்து இதை வாங்கிட்டு வந்தா. பக்கத்துல நின்னு திட்டட்டும், நல்லாத்தான் இருக்கு'ன்னாரு."

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஒடிலியா சால்வை நுனியால் மிஷினின் தலையில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"கயித்தை எடுத்துட்டுப் போ, செகுந்தோ."

"நான் பிளந்து தர்றேன்க்கா."

"உன் இடுப்பை நீ பாத்துக்கோ. போய் ரொசெந்தாகிட்ட, கால் மணி நேரத்துல விறகு வருதுன்னு சொல்லு."

அவர் போகிற வழியில் யாஸ்னா எதிரே வந்தாள். தலையில் சால்வை, முகத்தில் கோபம். "அப்பாவை அங்க தனியா விட்டுட்டு இங்க என்ன…" என்று ஆரம்பித்தவள், தொங்குகிற கட்டையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஒடிலியா மோட்டாரைப் போட்டாள். கொட்டகை முழுக்க அந்த ரீங்காரம் நிறைந்தது. வழக்கமான தன் இடத்தில் போய் நின்றாள். இடது கை தானாகவே தன் பிடியில் போய் உட்கார்ந்தது. அமுக்கினாள். மிஷின் அசையவில்லை.

"நடுவுல வந்து நில்லும்மா" என்றாள் யாஸ்னா. "அப்பத்தான் ரெண்டு கையும் எட்டும்."

ஒடிலியா கால்களை நகர்த்தவில்லை. வலது கையை விரித்து மூடினாள். பிறகு நின்ற இடத்திலிருந்தே, பக்கத்தில் இருக்கிற யாரையும் இடித்துவிடாமல் நீட்டுகிற மாதிரி, அந்தக் கையை நீட்டினாள். உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. தோள் இழுத்தது. விரல் நுனி பட்டு, விரல்கள் பட்டு, கடைசியில் உள்ளங்கை பிடியைச் சுற்றி மூடியது.

"எட்டுது."

ஆப்பு இறங்கியது. கட்டை மேடையில் உட்கார்ந்து, முனகி, முடிச்சு டப்பென்று விட்டது. ஒரு பாதி அவள் காலடியில் விழுந்தது. இன்னொரு பாதி வலது பக்கத்து வெற்றுத் தரையில் உருண்டு நின்றது. உள்ளே மரம் சிவப்பாக இருந்தது.

"அடுத்ததை எடுத்து வை" என்றாள் ஒடிலியா, பிடியிலிருந்து கையை எடுக்காமல்.

யாஸ்னா சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அவள் அதில் கால் வைக்காமல், மிஷினைச் சுற்றிக்கொண்டு போய், வலது பக்கம் கிடந்த பாதியை எடுத்தாள்.