நேற்றைய சாப்பாட்டுச் சீட்டு

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளைச் சீட்டக்கா என்பார்கள். எந்தப் படுக்கைக்கு என்ன சாப்பாடு என்று கணினி அட்டவணையிலிருந்து சீட்டு அச்சடித்துக் கொடுப்பது அவள் வேலை. அட்டவணையில் படுக்கை எண்கள் மட்டும்தான் அவள் போட்டவை. நோயாளியின் பெயரையும் பத்தியத்தையும் ஆஸ்பத்திரியின் பெரிய டேட்டாபேஸிலிருந்து ஃபார்முலா போய் எடுத்துவரும். ரெஃப்ரெஷ் பொத்தானை அமுக்கினால் போதும். அமுக்கியதும் அந்தச் சனியன் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும். ஒரு டீ குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் உயிர் வந்திருக்கும்.

சில நாட்களாக அவளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தாள். பகலில் கீழே வேலை. இரவில் மூன்றாம் மாடியில் கணவரின் கட்டிலருகே நாற்காலியில் அரைத் தூக்கம். அவருக்கு வயிற்றில் கட்டி. இரண்டு முறை தள்ளிப்போன ஆபரேஷனுக்கு ஒருவழியாக இன்று நாள் கிடைத்திருந்தது. இன்னொரு முறை தள்ளிப்போனால் தாங்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவள்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை ரெஃப்ரெஷ் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இதற்குக்கூட நம் மேல் இரக்கம் வந்துவிட்டதே என்று நினைத்தாளே தவிர, ஏன் என்று யோசிக்க மூளை ஒத்துழைக்கவில்லை. சீட்டுகளைப் படித்துப் பார்க்கும் வழக்கமும் எப்போதோ போய்விட்டது. அட்டவணை ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

தட்டுகள் கிளம்பிய பிறகு முதல் மாடி நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, ஒன்பதாம் படுக்கைக்காரர் நேத்து சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டாரே. இந்தச் சாப்பாடு யாருக்கு?"

அவள் ஒரு கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தாள். ஃபார்முலா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எழுத்து. அடுத்ததிலும் அப்படியே. அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று அச்சடிக்கும்போது ஃபார்முலாக்கள் மறுபடி மறுபடி டேட்டாபேஸுக்கு ஓடி அச்சு நின்று நின்று போனதால், எல்லாவற்றையும் நகலெடுத்து வெறும் எழுத்தாக அதே இடத்தில் ஒட்டி, அச்சடித்து முடித்திருந்தாள். சேமிக்காமல் மூடினால் பழையபடி ஆகிவிடும். மூடும்போது சேமிக்கவா என்று அது கேட்டது. தூக்கக் கலக்கத்தில், பழக்கதோஷத்தில், கை ஆம் என்றுவிட்டது. அட்டவணை நேற்றிலேயே நின்றுபோயிருந்தது.

ஒவ்வொரு மாடிக்கும் போன் போட்டுக் கத்தினாள். "எல்லாம் நேத்து சீட்டு! யாருக்கும் சாப்பாடு கொடுக்காதீங்க!" கீழ் மாடிகளில் தட்டுகள் நின்றன; வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய இருவர் தப்பினார்கள். மூன்றாம் மாடியில் யாரும் போனை எடுக்கவில்லை. படியேறி ஓடினாள்.

படித் திருப்பத்தில், மாடிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தள்ளுவண்டி அண்ணன் இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் காலித் தட்டு.

"ஏன் தங்கச்சி இப்படி ஓடுறே? வண்டிக்குக் காத்திருக்காம மாப்பிள்ளைக்கு முதல்லயே கையில கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். எப்பவும் அப்படித்தானே. ஒரு பருக்கை மிச்சம் வைக்கல!"

பாசத்தில் செய்கிற மனுஷன். அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

கணவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைமாட்டில் 'எதுவும் சாப்பிடக் கூடாது' என்ற அட்டை தொங்கியது.

"சாப்பிடக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்களே! ஏங்க சாப்பிட்டீங்க?"

"சொன்னாங்கதான். ஆனா சீட்டு என் பேர்ல வந்திருந்துச்சே. டாக்டர் ஏதோ மாத்திச் சொல்லியிருக்கார், உனக்குத் தெரியாமலா வரும்னு நினைச்சேன். நீ அனுப்பினா சரியாத்தானே இருக்கும்?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அது நேற்றைய சீட்டு, தப்பு தன்னுடையது என்று சொல்லி அழுதாள். அவர் அவள் முகத்தை நிமிர்த்தினார்.

"சரி, அழாதே. உன் கண்ணைப் பாரு, எப்படிச் சிவந்து கிடக்கு. நீ நல்லாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. டாக்டர் வந்தார், உதட்டைப் பிதுக்கினார், ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். அடுத்த தேதி எப்போது என்று சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குச் சீட்டு வேண்டுமே. அவள் கீழே இறங்கி, எப்போதோ எடுத்து வைத்திருந்த அட்டவணையின் பழைய நகலிலிருந்து ஃபார்முலாக்களைத் திரும்பப் போட்டு ரெஃப்ரெஷை அமுக்கினாள். இயந்திரம் வழக்கம்போல் உறைந்தது. டீ குடிக்கப் போகாமல் அதன் முன்னாலேயே நின்றாள். உயிர் வந்ததும் பெயர்கள் மாறின, பத்தியங்கள் மாறின. கணவரின் வரியைத் தேடினாள். ஆபரேஷன் இல்லை என்று மாடியில் அதற்குள் பதிந்துவிட்டிருந்தார்கள். அவர் பெயருக்கு நேராக, காலையில் அச்சான அதே சொற்கள்: சாதாரணச் சாப்பாடு.

சீட்டை அச்சடித்தாள். இந்த முறை அதில் ஒரு தப்பும் இல்லை.