ஐம்பது காசு அகலக் குழி

"இழுக்காத. மொதல்ல ஒட்டு. ஒட்டிட்டு மூச்சு விட்டுக்கோ. அப்புறம் நேரா எடு" என்றார் திருச்செல்வம், கட்டிலில் படுத்தபடியே.

ஸ்பீக்கருக்கு முன் மண்டியிட்டிருந்த புனிதாவின் விரலில் செலோடேப், ஒட்டும் பக்கம் வெளியே தெரியச் சுற்றியிருந்தது. பெட்டியின் மேல்பாதியில் ஐம்பது காசு அகலத்தில், உச்சஸ்தாயி ஒலிக்கான ட்வீட்டர்; கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணிபோல் கறுப்புத் துணி. அதன் நடுவில் உள்ளே போன குழி. ஒன்பது வருஷத்துக் குழி.

ஒட்டி எடுத்தாள். தூசிதான் வந்தது. அந்தத் துண்டைக் கட்டில் கம்பியில் ஒட்டிவிட்டு, வேறு துண்டு கிழித்தாள்.

"முப்பது வருஷம் சுங்கை வே ஸ்பீக்கர் ஃபேக்டரியில எத்தனை பொண்ணுங்களுக்கு இந்த வேலையச் சொல்லிக் குடுத்தேன். ஒருத்திக்கும் இப்படிக் கை நடுங்கல."

"அப்ப அவங்களையே கூப்புடுங்க லா. நான் போய்க் கஞ்சி வைக்கிறேன்."

சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்தது. புனிதா எழுந்து, அவர் மூக்கிலிருந்து நழுவிய ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்தாள். "இன்னிக்கோ நாளைக்கோதான் ஆன்டி. பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிருங்க" என்று நேற்று வாசலில் வைத்து நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பிள்ளையில்லாத வீடு. வரச் சொல்ல ஒருவன்தான் இருந்தான்: புனிதாவின் அண்ணன் மகன் குகன்.

"எத்தனை மணிக்கு வரான்?"

"தெலுக் பங்லிமா காராங்ல லோரிய விட்டுட்டு வரணுமாம். பன்னண்டு ஆகும்."

"அதுக்குள்ள எடுத்துரு. உள்ள வர்றப்ப அந்தக் குழி அவன் கண்ணுல பட வேணாம்."

அவள் கை நின்றது.

அந்தக் குழி அவள் போட்டது. தீபாவளிக்கு வீடு துடைத்த அன்று, முன்மூடியைக் கழற்றிவிட்டு ஈரத் துணியால் அழுத்தித் துடைத்ததில் கட்டைவிரல் பதிந்துவிட்டது. பக்கத்தில் குகன் சிடி அடுக்கிக்கொண்டிருந்தான். இவர் வந்து பார்த்து, "யாரு இது?" என்று கேட்டார். எதற்கும் குரல் உயர்த்தாத மனுஷர், அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் உயர்த்துவார். அவளுக்கு வாய் வரவில்லை. குகன் அவள் முகத்தைப் பார்த்தான். "சாரி மாமா" என்றான். பிறகு பேச்சு எங்கெங்கோ போய், "இந்தப் படி ஏறாத" என்பதில் நின்றது. அவனும் ஏறவில்லை.

இரண்டு நிமிஷ வேலையை இவர் செய்யவில்லை. "இருக்கட்டும். பாக்குறப்பல்லாம் அந்தப் பய புத்தி ஞாபகம் வரணும்" என்பார். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே அவளுக்கு ஒன்பது தீபாவளி போயிருந்தது.

அவன் வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.

"என்னங்க... அந்தக் குழி..."

"வரலியா? வாயால ஊது. கொஞ்சம் சூடு படட்டும்."

ஊதினாள். ஒட்டினாள். ஐந்தாவது தடவை துணி டேப்போடு கூடவே எழுந்து வந்து நின்றது.

"வந்துருச்சு. கோடு மட்டும் இருக்கு."

"கோடு போகாது. ஆனா சத்தத்துல கேக்காது."

குகன் பன்னிரண்டரைக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்குக் கீழேயே நின்றான்.

"என்னடா, பத்திரிக வெச்சு அழைக்கணுமா? ஏறி வா" என்றார் திருச்செல்வம். குரல் பாதிதான் வெளியே வந்தது.

வந்தவனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, நாதஸ்வர சிடியைப் போடச் சொன்னார். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவில் ஜால்ரா தனியாக, சுத்தமாகக் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது மாமா."

"நீ அமுக்கினத உங்கத்தை எடுத்துட்டா. அன்னைக்கு நான் பேசினது அதிகம்தான். ஆனாலும் தப்பு உன்னுதுதான். போவட்டும். மன்னிச்சுட்டேன்டா."

புனிதா முன்னால் வந்தாள். "இல்லீங்க, அது அவன்..."

"அத்தை" என்று குறுக்கிட்டான் குகன். அவள் பக்கம் திரும்பவில்லை. "மாமாவுக்கு வாய் காஞ்சிருக்கு. தண்ணி கொண்டாங்க."

அவள் நின்றாள். பிறகு சமையலறைக்குப் போனாள். "தேங்க்ஸ் மாமா" என்று அவன் சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது. தம்ளரும் கரண்டியுமாகத் திரும்பியபோது அவன் கை அவர் கைக்குள் இருந்தது. அவர் முகத்தில் இத்தனை நாள் இருந்த சுளிப்பு இல்லை. அவள் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டாள். மூன்று கரண்டி இறங்கியது.

நாலரைக்கு மூச்சு நின்றது.

பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் வந்து பாட்டுப்பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். ஹாலைக் காலி செய்யச் சொன்னாள். குகன் ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான்.

"குகா, ஒம்பது வருஷமா நான்..."

"கதவப் புடிங்க அத்தை. முன்பக்கம் இடிச்சுரப் போவுது."

கதவைப் பிடித்தாள். ட்வீட்டரில் விரல் படாமல், பக்கவாட்டில் அடியெடுத்து அவன் அறைக்குள் போனான்.

பவுனம்மாள் கட்டிலருகே குனிந்து பார்த்தாள். கம்பியில் வரிசையாக ஐந்து துண்டு செலோடேப்.

"யாரு இது, இப்படி ஒட்டி வெச்சிருக்கிறது?"

"நான்தான்" என்றாள் புனிதா.

பக்கத்தில் நின்ற பவுனம்மாளுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. அறைக்குள் ஸ்பீக்கரை இறக்கும் சத்தம் பாதியில் நின்றது.

"நான்தான் அக்கா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக உரித்தாள். கடைசித் துண்டில், ஐம்பது காசு அகலத்துக்கு, தூசி வட்டமாக வந்திருந்தது.