தையல்நாயகியின் வாரம்

ஏட்டு முத்தையனின் கை சாவியை நோக்கி வந்தபோது வினிதா ஸ்கூட்டரை முழுதாக நிறுத்தியிருக்கவில்லை. ஒரு கால் தரையில் இருந்தது, இன்னொரு கால் மீன் டப்பை அணைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கை அவளுக்குப் பழக்கம்தான். கோட்டுச்சேரிக்குப் போகும் சாலையில், ஐஸ் கம்பெனியைத் தாண்டிய வளைவில், இரும்புத் தடுப்புகளுக்கு நடுவே காலை ஆறே முக்காலுக்கு அது காத்திருக்கும். சில வாரங்களில் வெறுமனே அசைந்து போகச்சொல்லும். சில வாரங்களில் அவள் முழங்காலை உரசிக்கொண்டு வந்து, சாவியைத் திருகி உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும். அப்போது அம்மா தையல்நாயகி பின்னாலிருந்து இறங்கி, கறுப்புப் பாலித்தீன் பையொன்றை ஜீப்பின் பின்பக்கம் வைத்துவிட்டு வருவாள். சாவி திரும்பி வரும். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

அந்தக் கை எப்போது வரும், எப்போது வராது என்பதை வினிதா ஏட்டின் மனநிலையோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வரும் வாரமாக இருக்கும். அவளை உறுத்தியது மீன் அல்ல. ஒரு பை சங்கராவோ பொடிமீனோ போனால் போகிறது. அந்த உரசலும், சாவி உருவப்பட்டதும் என்ஜின் செத்து ஸ்கூட்டர் வெறும் இரும்பாகி அவள் தொடைகளுக்கு நடுவே கனப்பதும்தான். கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தபோது ஒருநாளும் எழுந்து நின்று சந்தேகம் கேட்டதில்லை. வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் மதிப்பெண்ணை விட்டவள். அதனால் பேசுவதற்கு முன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். இன்சூரன்ஸைப் புதுப்பித்தாள். புகைச் சான்றிதழ் வாங்கினாள். எல்லாவற்றையும் டிஜிலாக்கரில் ஏற்றினாள். அம்மாவுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கினாள்.

ஹெல்மெட்டைப் பார்த்துக் காரைக்கால்மேட்டு ஏலத்திடலே சிரித்தது. "தையலு, கோட்டுச்சேரிக்குப் போறியா, நெலாவுக்குப் போறியா? அங்க மீன் என்ன வெல போவுதுன்னு கேட்டுக்கிட்டு வா" என்றாள் சொர்ணாம்பாள். பக்கத்து வீட்டுக்காரி. மகன் கார்த்திகேசனின் பைக்கில் அதே சாலையில் அதே நேரத்தில் போகிறவள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் கழற்றவில்லை. மகள் வாங்கிக் கொடுத்தது.

பிறகு வினிதா போனில் சட்டத்தைத் தேடிப் படித்தாள். மூன்று வாக்கியங்களை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். இந்த வாரம் திங்கட்கிழமை கை வந்தது. முதல் சொல் வருவதற்குள் அம்மா பையோடு இறங்கிவிட்டாள். செவ்வாயும் அப்படியே. இன்று விடிகாலை, அம்மா ஐஸ் வாங்கப் போன நேரத்தில், டப்பின் ஓரத்தில் கட்டிவைத்திருந்த கறுப்புப் பையை அவிழ்த்து மீனைத் திரும்ப டப்பிலேயே கொட்டினாள். பையை மடித்துக் குப்பையில் போட்டாள். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் பேசித்தான் ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு.

இப்போது கை சாவியைத் தொட்டது. வினிதா அதன்மேல் தன் கையை வைத்து மூடினாள்.

"வண்டிச் சாவியை எடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆவணங்களைக் கேட்டால் காட்டுகிறேன். கைப்பேசியில் உள்ள ஆவணங்களும் செல்லுபடியாகும்."

எழுதியபடியே வந்துவிட்டது, ஒரு எழுத்துக் குறையாமல். முத்தையன் கையை எடுக்க மறந்து நின்றார். கோபம் வரவில்லை அவருக்கு. முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் தையலு, ஒம்பொண்ணு ரேடியோவுல சேதி வாசிக்கப் போவுதா?"

பின்னால் பைக்கில் இருந்த கார்த்திகேசன் வாய்விட்டுச் சிரித்தான். தையல்நாயகி சிரிக்கவில்லை. இறங்கி நின்று டப்பின் ஓரத்தில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். மீனுக்கு அடியில், ஐஸுக்கு அடியில். கை சிவந்து வெளியே வந்தது.

"பையக் காணும்டி."

"நான்தாம்மா எடுத்துட்டேன். நம்மகிட்ட எல்லாம் சரியா இருக்கு. எதுக்குக் குடுக்கணும்?"

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பிச் சாலையைப் பார்த்தாள். கார்த்திகேசனின் பைக்குக்குப் பின்னால் இன்னும் ஐந்து வண்டிகள் நின்றிருந்தன. எல்லாவற்றிலும் டப்புகள், எல்லாவற்றிலும் காரைக்கால்மேட்டு முகங்கள்.

"இந்த வாரம் நம்ம வாரம்டி" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "ஏழு வண்டிக்கும் சேத்து நம்ம குடுக்கணும். அடுத்த வாரம் சொர்ணாம்பா. அதுக்கடுத்த வாரம் இன்னொருத்தி. யாரு வாரமோ அவ சாவியத்தான் அவரு வாங்கி வச்சுக்குவாரு."

ஏழு வாரத்துக்கு ஒருமுறை. எட்டு மாதமாக ஓட்டுகிறாள். ஊசலின் அலைவு நேரத்தை நொடிக்கணக்கில் அளந்தவளுக்கு, கண்முன் வந்துபோன இந்தச் சுற்று தெரியவில்லை. எழுதி வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

முத்தையன் மெதுவாகக் கேட்டார். "பை எங்க தையலு?"

பதில் வருவதற்குள் ஜீப்பின் முன்கதவு திறந்தது. இறங்கியது புது எஸ்.ஐ. நான்கு நாட்களுக்கு முன் மாற்றலாகி வந்தவள்; இந்த வளைவுக்கு இன்றுதான் வந்திருந்தாள். வினிதாவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கையில் பாதி குடித்த டீ.

"என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒன்றுமில்லை மேடம் என்று தலையைக் குனிந்திருக்கலாம். வழக்கமாக அவள் செய்வதும் அதுதான். ஆனால் மனப்பாடமானது அதுபாட்டுக்கு வெளியே வந்தது, மூன்று வாக்கியங்களும், முன்பைவிடத் தெளிவாக.

"சரியாத்தான் சொல்றாங்க ஏட்டையா. சாவிய விடுங்க."

எஸ்.ஐ. போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகை. தையல்நாயகியின் தலையையும் பார்த்தாள். "பின்னாடி ஒக்காந்தவங்க ஹெல்மெட் வரைக்கும் சரியா இருக்கு. இந்த ரோட்டுல இப்பத்தான் பாக்குறேன். நீங்க போலாம்." போனைத் திருப்பிக் கொடுத்தபோது லேசாகப் புன்னகைத்தாள். வினிதாவும் புன்னகைத்துவிட்டாள். அந்தப் புன்னகையை முகத்திலிருந்து எடுக்க அதன்பின் வெகுநேரம் பிடித்தது. ஏனென்றால் எஸ்.ஐ. டீ தம்ளரை ஜீப்பின் மேல் வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்து, "அடுத்த வண்டி. லைசென்ஸ் எடுங்க" என்றாள்.

கார்த்திகேசனிடம் லைசென்ஸ் இல்லை. எட்டுப் போட்டுக் காட்டச் சொன்ன இரண்டு முறையும் காலை ஊன்றிவிட்டான். மூன்றாவது முறை போகவில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் வண்டியைப் பிடித்து வைக்கலாம். வினிதாவுக்கு அது தெரியும். அவள் படித்த அதே பக்கத்தில், இரண்டு விரல்கடை கீழே இருந்தது. எஸ்.ஐ. குரலை உயர்த்தவில்லை. யாரையும் வாடி போடி என்று சொல்லவில்லை. சாவியைக்கூடத் தானே எடுக்கவில்லை, "நீங்களே எடுத்துக் குடுங்க தம்பி" என்று கேட்டு வாங்கினாள். ரசீது எழுதினாள். வண்டி ஸ்டேஷனுக்கு வரும், அபராதம் கட்டிவிட்டு மீட்டுக்கொள்ளலாம் என்று விளக்கினாள். அவளுக்குப் பின்னால் முத்தையன் தடுப்பின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் நின்ற வண்டி சத்தமில்லாமல் திரும்பி வந்த வழியே போனது.

சொர்ணாம்பாள் தன் டப்பை இறக்கிச் சாலையோரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்தாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஐஸ் உருகி டப்பின் விளிம்பிலிருந்து சொட்டியது. ஏழரைக்குள் தெருவுக்குள் போகாவிட்டால் வாடிக்கைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார்கள்.

"ஒன் வாரம்னு நம்பித்தானே தையலு கெளம்புனோம்."

அவ்வளவுதான் சொன்னாள். வினிதாவின் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

தையல்நாயகி ஹெல்மெட்டைக் கழற்றி மகளிடம் நீட்டினாள். சொர்ணாம்பாளின் டப்பைத் தூக்கி ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்து, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

"நீ போ. நான் இவகூட ஸ்டேஷனுக்குப் போயிட்டு வர்றேன். தேரடித் தெருவுல நிறுத்து. அவ மீன மொதல்ல வித்துரு, நம்மளது கெடக்கட்டும். கூப்புட்டாத்தான் வெளிய வருவாங்க."

"எனக்குக் கூப்புட வராதும்மா."

"இப்பப் பேசுனியே."

அதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. அம்மா மீன் விலை சொல்லும்போது வரும் குரல்தான்.

வினிதா வண்டியைக் கிளப்பினாள். தடுப்புகளைத் தாண்டும்போது முத்தையன் ஒதுங்கி வழிவிட்டார். கண்ணாடியில் அம்மாவும் சொர்ணாம்பாளும் ஒரு கை அகலம் இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வளைவு வந்ததும் அதுவும் மறைந்தது.

தேரடித் தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு வீட்டில் டி.வி.யில் ராசிபலன் ஓடியது. இன்னொரு வீட்டில் குக்கர் இரண்டு விசில் அடித்து அடங்கியது. வினிதா தெருவின் நடுவில் நிறுத்தி, சாவியைத் தானே உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஹார்னை ஒருமுறை அடித்துப் பார்த்தாள். கொரியர்க்காரன் என்று நினைத்திருப்பார்கள், ஒருவரும் வரவில்லை. காலடி டப்பிலிருந்தும் பின்சீட்டு டப்பிலிருந்தும் தண்ணீர் சொட்டி, தார்ச்சாலையில் இரண்டு கோடுகளாக ஓடி, அவள் செருப்புக்கு அருகே ஒன்றாகிச் சாக்கடையை நோக்கித் திரும்பியது.

எதிர்வீட்டு மதில்மேலிருந்து ஒரு பூனை குதித்து வந்தது. ஈரக்கோட்டை மிதிக்காமல் சுற்றி வந்து, எட்ட உட்கார்ந்து, கூப்பிட முயன்று திறந்து மூடும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.