டப்பாவில் எழுதிய பேர்

மதுரையிலிருந்து போன் வந்த நாளிலிருந்து மாரீஸ்வரனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போடியிலிருந்து குரங்கணிக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறவன், அன்று பாதி வழியில் இறங்கிச் சும்மா நின்றான். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் சத்தம் போட்ட பிறகுதான் வண்டியை எடுத்தான்.

அவன் அண்ணன் பிச்சைமணிக்குக் குடலில் புற்றுநோய். மூலம் என்றே நினைத்து முற்றவிட்டுவிட்டார். மதுரையில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில், மலத்திலுள்ள கிருமிகளை வைத்து இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆய்வு நடந்தது. கூடப்பிறந்தவர்களுக்கும் மலம் எடுத்துத் தர டப்பா கொடுத்தார்கள். மாரீஸ்வரன் பேர் எழுதிய டப்பாவில் ஒரு கிருமி அளவுக்கு மேல் இருந்தது.

"இதை வச்சே நோய்னு சொல்ல முடியாது. குழாய் விட்டுப் பார்த்திரலாம், வாங்க" என்றார் டாக்டர் போனில்.

அவன் மனைவி கலையரசிக்கும் சோறு இறங்கவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள், பொங்கி வழிந்தது. வைத்தியச் செலவுக்கு ஜீப்பை விற்றுவிடலாமா என்று அவன் பேச ஆரம்பித்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, அது ஒங்களுது இல்ல."

"எது?"

"டப்பால இருந்தது. நீங்க கூச்சப்பட்டுக்கிட்டு வெறும் டப்பாவ அப்படியே போட்டுட்டுச் சோலிக்குப் போயிட்டீக. ஆஸ்பத்திரியிலருந்து டப்பாவ வாங்க ஆளு வந்துருச்சு. நாந்தான் என்னோடத வச்சுக் குடுத்தேன்."

அவனுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். உடனே நின்றது.

"அப்ப ஒனக்கா?"

அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"ரத்தம் கித்தம் போகுதா?"

"ஒண்ணும் இல்ல. அதான் பயமா இருக்கு."

மறுநாள் முதல் பஸ்சில் மதுரை போனார்கள். டாக்டரிடம் அவனே சொன்னான். அவர் கோபித்துக்கொண்டார், பிறகு இருவரையுமே பார்த்துவிடலாம் என்றார். வயிற்றைக் கழுவும் மருந்தைக் குடித்துவிட்டு, லாட்ஜில் இருந்த ஒரே கக்கூசுக்கு மாறி மாறி ஓடினார்கள். "வெரசா வா" என்று அவன் கதவைத் தட்ட, உள்ளேயிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மாரீஸ்வரனுக்கு ஒன்றுமில்லை. கலையரசியின் பெருங்குடலில் சுண்டைக்காய் அளவுக்குச் சதை வளர்ந்திருந்தது. குழாய் வழியாகவே வெட்டி எடுத்தார்கள். இன்னும் புற்றாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்று முடிவு வந்தது.

திரும்பும் பஸ்சில் அவன் ஜன்னல் பக்கம் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தான்.

"மூணு வருசம் கழிச்சு வரச் சொல்லிருக்காரு. அதுவரைக்கும் இப்படியே பாத்துக்கிட்டு இருப்பீகளா?"

"இருப்பேன்" என்றான். தேனி தாண்டியும் அவன் கண்மூடவில்லை.